ஏப்ரல்ல வந்தா இனுயாமா போலாம் கண்ணு

கண்ணு,

ஏப்ரல்ல வரும்போது நகோயா கோட்டைக்கு போலாமானு கேட்டியே, போலாம், ஆனா வெளிய நின்னு போட்டோ எடுக்கறதோட சரி. பழசு 1945 மே மாசம் குண்டு போட்டப்ப எரிஞ்சு போச்சு. இப்ப நிக்கறது 1959-ல கான்கிரீட்ல கட்டினது, லிஃப்ட் எல்லாம் வச்சு கட்டினாங்க, அதுக்குள்ளயும் 2018-ல இருந்து யாரையும் விடறதில்ல, பெரிய நிலநடுக்கம் வந்தா தாங்காதுனு. பக்கத்துல மரத்துலயே திரும்ப கட்டின அரண்மனை இருக்கு, அது நல்லா இருக்கு, மழை பேஞ்சா அங்க போய்க்கலாம். நெசமாவே பழைய கோட்டை பாக்கணும்னா இங்கிருந்து பக்கம் இனுயாமா தான். போன சனிக்கிழமை நானும் அப்பாவும் போயிட்டு வந்தோம். போன்ல சொல்ல ஆரம்பிச்சா பாதில மீட்டிங்குன்னு கட் பண்ணிருவ, அதான் உக்காந்து எழுதறேன், நேரம் இருக்கப்ப படி.

மெய்டெட்சுன்னு ஒரு தனியார் ரயில் கம்பெனி, அதோட நகோயா ஸ்டேஷன்ல மட்டும் உஷாரா இருக்கணும். பூமிக்கடியில இருக்கு, எல்லா ஊருக்கும் போற ட்ரெயினும் அதே ரெண்டு தண்டவாளத்துல தான் ஒண்ணு போனா ஒண்ணு வந்துட்டே இருக்கும், எந்த பக்கம் போறதுன்னு பொறுத்து ஒரு கலர், அந்த கலர் கோட்டுல போய் வரிசையில நிக்கணும். அப்பா டெய்லி ஆபீஸ் போறவரு, அவரே போர்டை அண்ணாந்து பாத்துட்டு தான் நிப்பாரு. சரியான வண்டில ஏறிட்டா அரை மணி நேரம் தான். ஸ்பெஷல் பெட்டிக்கு தனி டிக்கெட் வேணும், சாதா பெட்டியே போதும் நமக்கு. இனுயாமாவுக்கு அடுத்த ஸ்டேஷன் இனுயாமா யூயென், அங்க எறங்கினா ஆத்தோரமாவே கோட்டைக்கு போயிறலாம், நெறைய பேரு அப்படித்தான் போறாங்க, ஆனா நீ வந்தா நாம இனுயாமாலயே எறங்கி ஊருக்குள்ள நடந்து தான் போறோம், வரும்போது யூயென்ல ஏறிக்கலாம்.

ஏன்னா கோட்டை தனியா ஊர் தனியான்னு இல்ல, ரெண்டையும் ஒண்ணா தான் போட்டிருக்காங்க. வடக்க கிசோ ஆறு, ஆத்தங்கரையில ஒரு கரடு, கரட்டு மேல கோட்டை. தெக்க ஊரு. கோட்டைய ஒட்டி சாமுராய்ங்க வீடு, நடுவுல வியாபாரிங்க, தொழில் பண்றவங்க தெரு தெருவா, ஓரத்துல கோயிலுங்க, இத்தனையையும் சுத்தி அகழியும் மண் செவுரும். கொல்லங்களுக்கு கஜியா-மாச்சி, மீன் விக்கறவங்களுக்கு உவோயா-மாச்சின்னு தெரு பேரே அப்படித்தான், இன்னைக்கும் அதே பேரு தான் போர்டுல இருக்கு. இப்ப அங்க கொல்லரும் இல்ல மீன்காரரும் இல்ல, ஆனா தெரு போட்ட விதம் முக்காவாசி அப்படியே இருக்கு. ஹோன்மாச்சின்னு மெயின் தெரு, ஸ்டேஷன்ல இருந்து வந்து அதுல திரும்பினதும் தெருக்கோடில மேல சின்னதா கோட்டை தெரியும் பாரு, எனக்கு அது தான் புடிச்சுது. இந்த தெருவ அகலப்படுத்தறதுக்கு ஒரு காலத்துல பிளான் எல்லாம் போட்டு வச்சிருந்திருக்காங்க, காருக்காக. பொறவு அந்த பிளான விட்டுட்டு, கரண்டு கம்பிய மண்ணுக்கடியில போட்டுட்டு, தெரு இருந்த அகலத்துலயே விட்டுட்டாங்க. நம்மூர்ல ரோடு அகலப்படுத்தறதுன்னு மார்க் போட்டா என்ன ஆகும்னு உனக்கே தெரியும்.

பழைய வியாபாரி வீடு ஒண்ணு தெருவுலயே தொறந்து வச்சிருக்காங்க, இசோபே வீடு, டிக்கெட் கிடையாது, செருப்ப கழட்டிட்டு உள்ள போய் பாக்கலாம். கிமோனோ துணி வித்தவங்க வீடாம். முன்னாடி பாத்தா ஒடுக்கமா ஒரு கடை மாதிரி தான் இருக்கும், உள்ள போனா போயிட்டே இருக்கு, கடை, அதுக்கப்புறம் வீடு, முத்தம், பின்னாடி சரக்கு வைக்கற மண் செவுரு குடோனு. கூரை நேரா சரியாம வெளிப்பக்கமா லேசா புடைச்சாப்ல இருக்கும், இனுயாமால பழைய கடை வீட்டுங்கள்ல இந்த மாதிரி கூரை இது ஒண்ணு தான் இருக்காம். நான் போனதும் அண்ணாந்து பாத்தது ஓட்ட தான், ஒரு ஓடு கூட நகரல கண்ணு. அப்பா வெளிய வந்து "கோட்டை பாக்க வந்தியா ஓடு பாக்க வந்தியா"ன்னாரு. அப்பாரு வீட்டுல ஐப்பசி பொறக்கறதுக்கு முன்னாடி வருஷா வருஷம் ஓடு மாத்தறவங்கள தேடி அலைஞ்சது நானு, அவரா அலைஞ்சாரு?

சாப்பாடு. தெரு முழுக்க எல்லா கடையிலயும் எதையோ ஒண்ண குச்சில குத்தி விக்கறாங்க, வயசுப்புள்ளைங்க வாடகை கிமோனோ போட்டுட்டு அத கையில புடிச்சு போட்டோ எடுக்கறது தான் பாதி கூட்டம். பாதி கடை போட்டோவுக்குனே நடக்குது, அதுல எல்லாம் நின்னு காச விடாத. கோஹெய் மோச்சி மட்டும் வாங்கலாம், வெந்த சோத்த பாதி மசிச்சு குச்சில அப்பி, மிசோ (சோயா விழுது), அக்ரூட் எல்லாம் அரைச்ச விழுத தடவி நெருப்புல வாட்டி தருவாங்க, சூடா இருக்கறப்பவே சாப்பிட்ரணும். டோஃபுவ இதே மாதிரி மிசோ தடவி சுட்டு தர்ற தெங்காக்குவும் நல்லா இருந்துச்சு. நான் சனிக்கிழமை கவுச்சி தொடமாட்டேன்னு உனக்கு தெரியும், ஆனா இங்க மீன் கருவாடு போட்டு கொதிக்க வச்ச தண்ணி எதுல இருக்கு எதுல இல்லைன்னு கண்டுபிடிக்கவே முடியாது, கேட்டா கடைக்காரம்மா மூஞ்சி சுண்டிப்போகுது பாவம், அதனால கேக்கறத விட்டுட்டேன், பெருமாள் பாத்துக்குவாரு. அப்பா மாட்டுக்கறி சுஷி கடை முன்னாடி ரொம்ப நேரம் நின்னாரு. அப்பறம் ஒண்ணு, நடந்துட்டே சாப்பிடாத, கடைகிட்டயே நின்னு சாப்பிட்டுட்டு குச்சிய அவங்ககிட்டயே குடுத்துரு, ரோட்டுல குப்பைத்தொட்டி தேடினாலும் கிடைக்காது.

கோட்டை அடிவாரத்துல சாங்கோ இனாரின்னு ஒரு கோயிலு, வரிசையா செவப்பு வளைவு வச்சிருக்கும், ரோஸ் கலர்ல இதய வடிவத்துல பலகை தொங்கும், அதுல கல்யாணம் ஆகணும்னு எழுதி கட்டறாங்க. உன் பேர எழுதி நான் ஒண்ணும் கட்டல, பயப்படாத. அங்கயே சில்லறைய தண்ணில கழுவினா காசு பெருகுமாம், அப்பா கழுவினாரு.

இப்ப கோட்டைக்கு வர்றேன். பெருசு பெருசுன்னு நெனச்சுட்டு போனா ஏமாந்துருவ, ஹிமேஜி மாதிரி எல்லாம் இல்ல, கல்லு மேடைய விட்டுட்டு பாத்தா 19 மீட்டர் தான். ஆனா அந்த கால மரம் அப்படியே நிக்குது. ஜப்பான்ல இந்த மாதிரி பழைய கோபுரத்தோட நிக்கற கோட்டை மொத்தமே 12 தான், அதுல தேசிய பொக்கிஷம்னு வச்சிருக்கறது அஞ்சு, ஹிமேஜி, மத்சுமோட்டோ, ஹிக்கோனே, மத்சுவே, இது. 1537-ல நொபுநாகான்னு அந்த கால பெரிய போர்த்தலைவரோட சித்தப்பா முறை ஆளு ஒருத்தர் கட்டினதுன்னு எல்லா இடத்துலயும் போட்டிருக்கும், ஆனா கொஞ்ச வருஷத்துக்கு முன்னாடி மரத்தோட வளையத்த எண்ணி பாத்திருக்காங்க, இப்ப நிக்கற கோபுரத்து மரத்த வெட்டினது 1585-ல இருந்து 1588-க்குள்ளன்னு 2021-ல சொன்னாங்க. அதுக்கு கொஞ்சம் முன்னாடி தான், 1584-ல, ஹிதேயோஷி, இயேயாசுன்னு ரெண்டு போர்த்தலைவருங்க இந்த பக்கத்துல மோதிக்கிட்டாங்க, அப்ப ஹிதேயோஷி ஆளுங்க கையில இருந்தது இந்த இடம், இயேயாசு தெக்க கொமாக்கி மலையில உக்காந்திருந்தாரு. ரெண்டு பேரும் எதிரும் புதிருமா உக்காந்து ஒருத்தர ஒருத்தர் பாத்துட்டே மாசக்கணக்குல ஓட்டியிருக்காங்க. அப்பா இந்த கதைய ட்ரெயின்லயே ஆரம்பிச்சு கோட்டை வாசல்ல தான் முடிச்சாரு, நீ வந்தா உனக்கும் உண்டு.

உள்ள போற வழி கல்லு மேடை வழியா, கீழ இருந்து நொழையணும். வாசல்லயே செருப்ப கழட்டி பிளாஸ்டிக் பைல போட்டு கையிலயே தூக்கிட்டு ஏறணும். நவம்பர் கடைசி, மரத்தரை சாக்ஸ் போட்டும் சில்லுன்னு ஏறுது கால்ல. நீ வர்றப்ப அவ்ளோ இருக்காது, ஆனா நல்ல சாக்ஸ் கொண்டா, வழுக்காத சாக்ஸா. படிக்கட்டுன்னு சொல்றாங்க, நான் ஒத்துக்க மாட்டேன், செங்குத்தா இருக்கு, ஒவ்வொரு படியும் முழங்கால் ஒசரம், ஒரு கையில செருப்பு பை, ஒரு கையில கைப்பிடி, எறங்கறவங்க ஏறறவங்க எல்லாம் அதுலயே. எதிரி சுலபமா ஏறக்கூடாதுன்னு கட்டினதாம், என் முழங்காலுக்கு அது தெரியவா போகுது. அப்பா ரெண்டாவது மாடில உக்காந்துட்டாரு, நான் மேல வரைக்கும் போனேன். ஸ்கர்ட் போட்டுட்டு வராத.

மேல பாக்கறதுக்கு முன்னாடி உத்தரத்த பாரு. கீழ வளைஞ்ச மரத்த வளைஞ்சபடியே போட்டிருக்காங்க, கோடாலி மாதிரி ஒண்ணுல செதுக்கின தடம் எல்லாம் அப்படியே தெரியுது, தொட்டா கையில மேடு பள்ளம் தட்டுது. மொதல் மாடில நடுவுல ஒரு ரூமு மட்டும் தரை ஒசத்தி, அது பெரியவரு உக்கார்ற எடம், அதுக்கு பின்னாடி ஆளுங்க ஒளிஞ்சு நிக்கறதுக்கு ஒரு ரூம். கோபுரம் ஓரமா எதிரி மேல கல்லு போடறதுக்கு தரைல ஓட்டை. உச்சி மாடில செவப்பு கம்பளம் விரிச்சிருக்கு, அது என்னடான்னு பாத்தா, ஏழாவது தலைமுறை பிரபு ஒருத்தருக்கு டச்சுக்காரங்க பழக்கமாம், அவரு ஆசப்பட்டு போட்டாராம், அந்த நெனப்புல திரும்ப போட்டிருக்காங்க. செவுத்துல மேல வரிசையா அந்த குடும்பத்து ஆளுங்க படம்.

அந்த குடும்பத்த பத்தி தான் உன்கிட்ட சொல்லணும்னு எழுத உக்காந்ததே. நருசேன்னு குடும்ப பேரு. 1617-ல இந்த கோட்டை அவங்க கைக்கு வந்துச்சு, நகோயாவ ஆண்ட தோக்குகாவா வீட்டுக்கு பெரிய காரியஸ்தர் மாதிரி இருந்தவங்க. 250 வருஷம் ஓடுச்சு. பொறவு மெய்ஜி காலம் வந்து, 1871-ல பிரபுக்கள் ஆட்சியே இல்லைன்னு ஆயிருச்சு, கோட்டை கவர்மென்ட் கைக்கு போச்சு. அப்ப ஜப்பான் முழுக்க கோட்டைங்கள வேண்டாத சாமானா தான் பாத்திருக்காங்க, இங்கயும் கோபுரத்த மட்டும் விட்டுட்டு மத்ததெல்லாம் இடிச்சாங்க, வாசல் கதவுங்க சிலது பக்கத்து ஊரு கோயில்களுக்கு போச்சு. அப்புறம் 1891-ல இந்த பக்கத்துல பயங்கர நிலநடுக்கம், கோபுரத்துல ஒரு மூல நொறுங்கிப்போச்சு. கவர்மென்டுக்கு ரிப்பேர் பண்ண மனசு இல்ல. 1895-ல என்ன பண்ணாங்கன்னா, பழைய பிரபு மசமித்சுவ கூப்பிட்டு, "சரி பண்ணிக்கறதா இருந்தா நீங்களே வச்சுக்கங்க"ன்னு குடுத்துட்டாங்க. அவரும் ஊர் சனங்களும் பணம் திரட்டி சரி பண்ணாங்க. அதுல இருந்து ஒரு வீட்டு ஆளுங்க பேர்ல ஒரு கோட்டை, பட்டா மாதிரி, 2004 வரைக்கும்! ஜப்பான்லயே தனி ஆளுக்கு சொந்தமா இருந்த ஒரே கோட்டை அது தான்.

கேக்க ஜோரா இருக்கு, கோட்டை சொந்தம்னு. ஆனா நான் அந்த செலவ நெனச்சு பாத்தேன் கண்ணு. 1959-ல இஸே வளைகுடா புயல், அதுல அடி வாங்குச்சு, 1961-ல இருந்து 1965 வரைக்கும் மரம் மரமா பிரிச்சு திரும்ப கோத்திருக்காங்க. எல்லாத்துக்கும் குடும்பமே குடுக்க முடியுமா, சர்க்காரு, ஊரு எல்லாம் தான் கை குடுத்துச்சு. 2004-ல ஒரு ட்ரஸ்ட் மாதிரி வச்சு அதுகிட்ட எழுதி குடுத்துட்டாங்க, கடைசி சொந்தக்காரரோட பொண்ணு தான் அதுக்கு தலைமையா வந்தாங்க. வித்துட்டு போகல, நம்ம பேர்லயே இருக்கட்டும்னு புடிச்சுக்கவும் இல்ல. 2017-ல இடி விழுந்து கூரை உச்சில இருக்கற மீன் உருவம் ஒண்ணு ஒடஞ்சுது, அடுத்த வருஷமே புதுசு ஏத்திட்டாங்க. அதாவது செலவு நிக்கறதே இல்ல, யாரு குடுக்கறதுங்கறது தான் மாறுது.

நீ போன மாசம் அப்பாரு வீட்ட வித்தர்லாம்னு சொன்ன. தப்புன்னு நான் சொல்லல. தொட்டிக்கட்டு வீடு, மழைக்கு மழை ஒழுகுது, யாரும் குடியில்ல, பெரியப்பா இடிச்சு காம்ப்ளெக்ஸ் கட்டலாம்ங்கறாரு, அத்தை விக்கவும் வேணாம் கட்டவும் வேணாம்ங்கறாங்க, ஆனா ஓடு மாத்தறதுக்கு பத்து பைசா குடுக்க மாட்டேங்கறாங்க. எனக்கு அந்த 1895 ஏற்பாடு ரொம்ப புடிச்சிருக்கு. ரிப்பேர் பண்றவங்களுக்கு வீடு. பொங்கலுக்கு எல்லாரும் போன்ல பேசும்போது இத தான் சொல்லப்போறேன், பண்றவங்க யாருன்னு கேட்டா என் பொண்ணுன்னு சொல்லலாமா வேணாமா, உனக்கு வேணாம்னா இப்பவே சொல்லிரு, அப்பறம் எல்லாரு முன்னாடியும் என்னைய அசிங்கப்படுத்தாத. மேஸ்திரிகிட்ட எஸ்டிமேட் கேட்டு வாட்ஸ்அப்ல அனுப்ப சொல்லியிருக்கேன், வந்தா உனக்கும் ஃபார்வேர்ட் பண்றேன், ஒருக்கா பாரு, பாத்துட்டு விக்கலாம்னாலும் சரி.

சரி, மேல வந்தாச்சுல்ல, உச்சி மாடில சுத்தி நடக்க ஒரு மரத்திண்ணை மாதிரி இருக்கு, வெளிய. கைப்புடி இடுப்புக்கும் கீழ, தரை வெளிப்பக்கமா லேசா சரிவு வேற, நான் செவுத்த ஒட்டியே நடந்தேன், எனக்கு பின்னாடி ஒரு ஜப்பான் பாட்டி அசால்ட்டா எட்டி பாக்கறாங்க. வடக்க கிசோ ஆறு வளைஞ்சு போகுது, அந்த கால மரமெல்லாம் மலைல வெட்டி இந்த ஆத்துல தான் மெதக்க விட்டு நகோயாவுக்கு கொண்டு போவாங்களாம். மேக்க மலை மேல கிஃபு கோட்டை, தெக்க நகோயா பெரிய பில்டிங்குங்க மங்கலா. ஆத்துல ஜூன்ல இருந்து அக்டோபர் நடு வரைக்கும் நீர்க்காகத்த கயித்துல கட்டி மீன் புடிப்பாங்க, நீ வர்றப்ப இருக்காது.

எறங்கி வந்து ஆத்தோரமா யூயென் ஸ்டேஷன் பக்கம் நடந்தா உராக்குயென் தோட்டம். டிக்கெட் கோட்டைய விட ஜாஸ்தி, அப்பா முணுமுணுத்தாரு, ஆனா போகணும். நொபுநாகாவோட தம்பி ஒருத்தரு, உராக்கு, சண்டை எல்லாம் போதும்னு டீ போடற கலைல எறங்கிட்டாரு, அவரு 1618 வாக்குல கியோட்டோல கட்டின டீ குடில் இங்க இருக்கு, ஜோஆன். அதுவும் தேசிய பொக்கிஷம், அந்த வரிசைல டீ குடில் மூணே மூணு தான் நாட்டுலயே. கியோட்டோ, டோக்கியோ, ஓய்சோன்னு கை மாறி எடம் மாறி 1972-ல இங்க வந்து சேந்துச்சு. உள்ள விடமாட்டாங்க, வெளிய நின்னு எட்டி தான் பாக்கணும். பாய் ரெண்டரை மூணு போட்டா முடிஞ்சுது ரூமு, அவ்ளோ தான், நம்ம பூஜை ரூம விட கொஞ்சம் பெருசு. செவுத்துல கீழ்ப்பக்கம் பழைய காலண்டர் தாள ஒட்டியிருக்காரு, துணி அழுக்காகாம இருக்க. இத்தனை பெரிய மனுஷன் பழைய காலண்டர ஒட்டியிருக்காரேன்னு எனக்கு ஒரே சிரிப்பு, உங்க அம்மாயியும் அலமாரில அத தான ஒட்டுவாங்க.

உன்ன ஏப்ரல் மொத வாரம் வர சொல்றது பூவுக்காக மட்டும் இல்ல. மொத சனி ஞாயிறு அங்க தேர். 1635-ல இருந்து நடக்குதாம், 2016-ல யுனெஸ்கோ லிஸ்ட்ல சேத்தாங்க. ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு தேர், மொத்தம் 13, மூணு அடுக்கு, எல்லாத்துலயும் உச்சில நூலால ஆட்டற பொம்மை, கீழ மறைஞ்சு உக்காந்துட்டு ஆளுங்க இழுப்பாங்க. ராத்திரி ஒவ்வொரு தேருலயும் 365 விளக்கு ஏத்துவாங்க. சக்கரம் திரும்பாது, நம்மூரு தேருக்கு கட்டை போட்டு திருப்பற மாதிரி இங்க இல்ல, அத்தனை டன்னையும் ஒரு பக்கம் ஆளுங்களே தோள் குடுத்து தூக்கி மூலைல திருப்பறாங்க. தோந்தென்கான்னு ஒரு மண்டபத்துல நாலு தேர நிறுத்தி வச்சிருந்தாங்க, அத தான் பாத்தோம், திருப்பறத வீடியோல தான் பாத்தேன்.

அந்த ரெண்டு நாளும் கூட்டம் அள்ளும், கோட்டைக்குள்ள ஏற க்யூ நிக்க வேண்டியிருக்கும், அதனால கோட்டைய வெள்ளிக்கிழமை முடிச்சுட்டு சனிக்கிழமை சாயந்தரம் தேருக்கு போலாம்னு நெனைக்கறேன், அப்பாகிட்ட லீவு சொல்ல சொல்லியிருக்கேன். நீ வியாழக்கிழமைக்குள்ள வந்து சேர்ற மாதிரி டிக்கெட் பாரு, லேட் பண்ணா வெல ஏறிரும். வரும்போது பருப்புப்பொடியும் ரெண்டு பாக்கெட் சாம்பார் பொடியும் போதும், ஊறுகாய் வேணாம், போன தடவ பை முழுக்க எண்ணெய்.

அம்மா